உப்புக்கோடு

படகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறேன், சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. அவர் வந்து இறங்கும்போது எல்லாக் கல்லூரிப் படகுகளும் வரிசையாக மிதந்துகொண்டிருக்க வேண்டும், போட்டோவுக்கு அதுதான் அழகு என்று எங்களை முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள். படகு என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். என் தோளிலிருந்து விரல் நுனிவரை வைத்தால் அதற்குள் அடங்கிவிடுகிற மாதிரிப் படகு, ரிமோட்டில் ஓடுவது, கல்லூரிகளுக்குள் நடக்கிற வேகப் போட்டிக்கு. ஓட்டுகிறவர்கள் குளத்தின் அந்தக் கரையில் பந்தல் போட்ட மேடையில் நிற்கிறார்கள், நிழலில். பிடித்துக்கொள்கிறவர்கள் இந்தக் கரையில், வெயிலில். கல்லூரிப் பெயரைக் கூப்பிட்டு விசில் ஊதியதும் கையை எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொள்கிறவரின் மொத்த வேலையும் இதுதான். ‘நீ புடிச்சா மட்டும் போதும் செலி, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் என்கூடப் படிக்கிற கிளிண்டன் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனான். பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிடிப்பதிலும் நிற்பதிலும் எனக்கு ஒரு கஷ்டமும் கிடையாது, செலஸ்டினா என்றால் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெண் என்றுதான் ஞாபகம் வரும். கால் விரல்களுக்கு நடுவே சின்ன மீன்கள் வந்து கொத்துகின்றன. மேற்கே மலை, அதன் தலையில் மேகம், மலையிலிருந்து வருகிற ஓடையைத் திருப்பித்தான் இந்தக் கல்லூரிக்காரர்கள் இந்தக் குளத்தை நிரப்புகிறார்களாம். தண்ணீர் சில்லென்று இருக்கிறது. அடியில் என் பாதம் தெரிகிறது, நகத்தில் போன மாதம் போட்டு உரிந்துபோன நகப்பூச்சு தெரிகிறது. இவ்வளவு தெளிவான தண்ணீரில் நான் இறங்கியதே இல்லை. கைக்கு ஏதோ சொல்ல இருக்கிறது. இறக்கியதிலிருந்தே விரல்களுக்கு எதுவோ ஒவ்வவில்லை. தெரிந்தவர் வீட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது, போன தடவையைவிடக் கனமாக இருக்கிறதே என்று தோன்றுமே, அதுபோல.

குனிந்து பார்த்தேன், அப்போதுதான் கோடு கண்ணில் பட்டது. படகின் உடம்பு கருநீலம். நேற்று சாயங்காலம் உப்பளத்தில் கடைசி ஓட்டம் முடிந்ததும் அதை ஒரு கயிற்றில் கட்டி அப்படியே மிதக்கவிட்டு வரப்பில் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டோம். காற்றும் வெயிலும் சேர்ந்து, தண்ணீர் தொட்ட விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்துவிட்டது, சட்டை முதுகில் வியர்வை காய்ந்து நிற்குமே அந்த மாதிரி. நான் துணியை எடுத்ததும் கிளிண்டன் கையைத் தட்டிவிட்டான். ‘துடைக்காத. மணிக்கு நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் ஓடிருக்கு. ராசியத் துடைப்பியா?’ நன்றாக ஓடிய படகைத் துடைக்கக் கூடாது என்பது அவன் வைத்திருக்கிற சட்டம். அந்தக் கோடு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீரின் விளிம்பு அதற்கு மேலே, பின்பக்கம் அரை விரல், முன்பக்கம் ஒரு விரலுக்கும் கூடுதலாக. கோடு பொய் சொல்லாது. நேற்று அது தண்ணீரின் விளிம்பு, இன்றைக்கு அதே படகு, அதே பேட்டரி, அதே கனம், ஆனால் அமிழ்ந்திருக்கிறது, அதுவும் மூக்கைக் குத்திக்கொண்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு இங்கே ஒரு இடத்தில், அங்கே ஒரு இடத்தில் விட்டுப்போய், புகை மாதிரி கலங்கி, கரைய ஆரம்பித்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பாதி போய்விட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு. ஒன்று குடிக்கிறது, லாரியில் வரும், குழாயில் வந்தால் தெருவே ஓடிவரும், குடத்திலும் ட்ரம்மிலும் மூடி போட்டு நிற்கும். இன்னொன்று மிதக்கிறது, தோணியும் போட்டும் கப்பலும் மிதக்கிறது. குடிக்கிற தண்ணீரில் யாராவது படகு விடுவார்களா? யாருக்கும் தோன்றவில்லை. கிளிண்டனின் சித்தப்பா வேலை பார்க்கிற உப்பளத்தில், பாத்திகளுக்கு விடுவதற்காகத் தேக்கி வைத்திருக்கிற பெரிய குட்டையில், கடல் தண்ணீரைவிடவும் வெயிலில் காய்ந்து கெட்டியான தண்ணீரில், கை போட்டால் எண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்கிற தண்ணீரில், இந்தப் படகை ஓட்டி ஓட்டித் திருத்தினோம். அந்தத் தண்ணீர் எதையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அது தூக்கிப் பிடித்ததை நாங்கள் எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

இல்லை, எல்லாமே உப்பு தந்ததில்லை, அப்படியும் சொல்லக் கூடாது. ப்ரொப்பல்லர் இதழ்களை நான்தான் தேய்ப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மீன் வெட்டுகிற கத்தி மாதிரி விளிம்பு கட்டினேன், ஒரு ஊசியில் மாட்டி எந்த இதழ் கீழே சாய்கிறதென்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். ஓடும்போது அதன் பாதி தண்ணீருக்குள்ளும் பாதி வெளியிலும் சுற்றுகிற மாதிரி உயர்த்தி வைத்தோம். தண்டுக்குப் புதிய கிரீஸ். மூடியைச் சுற்றித் தண்ணீர் புகாத டேப். ஒவ்வொன்றும் ஒன்று, ஒன்றரை என்று பிச்சை போடுகிற மாதிரி வேகத்தைத் தந்தது. படகின் அடிவயிறு என்னுடையது, கணினியில் நான் வரைந்தது, அந்த வளைவு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். வேகமெடுத்ததும் மூக்கைத் தூக்கி, வயிற்றின் பின்பாதி மட்டும் தொட்டுக்கொண்டு, தண்ணீரின் மேல் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். வழுக்கிவிட்டால் வேகம், வழுக்காவிட்டால் வெறும் நுரை. உப்பளத்தில் எங்கள் படகு அளவுக்கு மிஞ்சித் தூக்கி, தவளை மாதிரி துள்ளியது. துள்ளல் அடங்க பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினோம். நகர்த்த நகர்த்த அடங்கியது, ஒரு இடத்தில் கோடு போட்ட மாதிரி ஓடியது, கிளிண்டன் வரப்பில் நின்று ஊளையிட்டான். அந்த இடத்திலேயே பேட்டரியை வைத்து மூடி ஒட்டிவிட்டோம். அதுதான் இப்போது என் கையில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடக்கிறது. இந்தத் தண்ணீரில் கிளிண்டன் பழக்கப்படி எடுத்த எடுப்பில் முழுசாக அழுத்துவான், கனத்த மூக்கு தண்ணீரை உழும், எழுந்திருக்காது. பேட்டரி இரண்டு விரற்கடை பின்னால் போக வேண்டும். இரண்டு விரற்கடை, அவ்வளவுதான். மூடியைத் திறந்து, நகர்த்தி, மூட வேண்டும்.

பக்கத்தில் நின்ற பெண் காலை உதறினாள், தண்ணீர் என் உதட்டில் தெறித்தது. நக்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, ருசி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ‘ஐயோ சாரிக்கா, அட்டை கடிச்சிட்டோன்னு நெனச்சேன்’ என்றாள். இந்தக் கல்லூரிப் பெண்தான், பனியனில் சங்கரகோமதி என்று பேர் எழுதியிருக்கிறது, வந்ததிலிருந்து யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்கிறாள், ஆள் கிடைக்காதபோது தன் படகோடு பேசுகிறாள். ‘எக்கா, ஒங்க படகு என்ன இப்டி உக்காந்துருக்கு, எருமமாடு கெணக்கா?’ பார், அவளுக்கே தெரிகிறது. ‘நீங்க எந்தூரு?’ தூத்துக்குடி என்றேன். ‘அப்பம் கடலப் பாத்த ஆளு. இந்தக் குளமெல்லாம் ஒங்களுக்கு ஒரு பொருட்டா!’ சிரித்தேன், சிரிப்பது பதில் சொல்வதைவிடச் சுலபம். ‘அந்தா மேடையில நிக்காருல்லா, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு, அவரு ஒங்க ஆளா?’ இல்லை, கிளாஸ்மேட் என்றேன். ‘தப்பிச்சீய. வந்ததுலருந்து போன்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் நிக்காரு.’ கிளிண்டன் அப்படித்தான், ஆனால் ரிமோட்டைத் தொட்டுவிட்டால் அவன் விரல் வேறு ஆள், பால் பொங்குகிற நேரத்தில் அடுப்பைத் தணிக்கிறவர்களின் விரல். அவனிடம் சொன்னால் புரிந்துகொள்வான். ஆனால் அவன் தண்ணீருக்கு அந்தப் பக்கம். போன் கரையில் பைக்குள் இருக்கிறது, என் கை இங்கே படகில் இருக்கிறது. இங்கிருந்து சத்தம் போட்டால் கேட்கும். சத்தம் போடுகிறவர்கள் போட்டால் கேட்கும். இல்லையென்றால் கையைத் தூக்க வேண்டும். வரிசையில் நிறுத்தும்போதே போட்டியை நடத்துகிற கொழுந்து சார் சொல்லிவிட்டார், திருமலைக்கொழுந்து என்று முழுப்பெயர், மைக்கைக் கீழே வைக்காத மனிதர். இறக்கின படகை வெளியே எடுக்கக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது, ஏதாவது கோளாறு என்றால் கையை உயர்த்துங்கள், நானே உங்களிடம் வருவேன், என்ன செய்யப்போகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிய மைக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது பாருங்கள். நியாயமான மனிதர். நியாயம்தான் என் கழுத்தைப் பிடிக்கிறது. கையைத் தூக்கினால் மைக் வரும். மைக் வந்தால் நான் பேச வேண்டும். கரை முழுக்க ஜனம், மரத்தடியில், சுவர்மேல், ஹாஸ்டல் மாடியில். எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது, தண்ணீருக்குள் இருக்கிற உள்ளங்கை, அதெப்படி வியர்க்கும், ஆனாலும் வியர்க்கிறது.

போன வருஷம் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார், கடலிலிருந்து ஒரு கப்பல் ஆற்று முகத்துக்குள் நுழைந்தால் அதன் மிதவையில் என்ன மாற்றம் வரும்? எனக்குத் தெரியும். ஆற்று நீரின் அடர்த்தி குறைவு, கப்பல் இன்னும் கொஞ்சம் அமிழும், அதற்கென்றே கப்பல் பக்கவாட்டில் கோடுகள் போட்டிருப்பார்கள். எல்லாம் நாக்கின் அடியில் வரிசையாக நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவர் பேனாவைப் பார்த்தேன், பேனா மூடியில் பல் தடம் இருந்தது, இவ்வளவு பெரியவர் பேனாவைக் கடிப்பாரா என்று யோசித்தேன், நேரம் போனது. மேசையில் நான் வெள்ளைத்தாளில் கிறுக்கியிருந்த படத்தை எட்டிப் பார்த்துப் பக்கத்திலிருந்த கிளிண்டன் பதில் சொன்னான். வெளியே வந்து, ‘நீ எழுதுனதத்தான் வாசிச்சேன்’ என்றான், பெருந்தன்மையாக. அந்தக் கேள்வியேதான் இது. வார்த்தைக்கு வார்த்தை அந்தக் கேள்விதான் இப்போது என் கையில் மிதக்கிறது. பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தும் பேருந்தில் ஏறி, மூன்று மணி நேரம் படகை மடியில் வைத்துக்கொண்டு, வயல் பார்த்து, மலை பார்த்து, குளம் பார்த்து, இறங்கிய பிறகும் தோன்றவில்லை. பரீட்சைக்குத் தெரிந்தது படகுக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றைக்கு வாய் திறக்காததற்கு மதிப்பெண் போயிற்று. இன்றைக்கு என்ன போகும் என்று யோசிக்கக் கூடாது என்று நினைக்கிறேன், நினைத்ததும் அம்மா வந்துவிடுகிறாள்.

அம்மா மீன் வியாபாரம். விடியற்காலையில் கடற்கரை ஏலத்தில் அம்மா குரல் கொடுத்தால் பக்கத்திலிருக்கிற காக்கை எழுந்து போகும். சீலா மீனுக்கு விலை கேட்கிறாளா சண்டைக்குக் கூப்பிடுகிறாளா என்று தெரியாது. தெருவில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம், ஆறாம் வகுப்பில் என் தோழிகள் அதைப் போலச் செய்து காட்டிச் சிரித்தபோது நானும் சிரித்தேன், அதற்குப்பிறகு என் குரலை எங்கே வைத்தேனோ தெரியவில்லை. வீட்டில் ஒரே ஒரு குரல்தான், அப்பாவும் நானும் தலையாட்டுவோம். ‘ஏட்டி, தொண்டைக்குள்ள முள்ளா குத்திருக்கு? வாயத் தொறந்து சொல்லு.’ மேலே படிக்கச் சென்னைக்குப் போக வேண்டும், அங்கே கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்க்கிற நீளத் தொட்டி இருக்கிறது, என்று அப்பாவிடம் சொன்னேன், அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா சாளை மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். ‘மெட்ராசுல போயி யாருகிட்ட என்னத்தக் கேப்பா இவ? பஸ்ஸு எங்க நிக்கும்னு கேக்க மாட்டா, பசிக்குன்னு சொல்ல மாட்டா. பேங்க் பரீச்சைக்கு உக்காரச் சொல்லுங்க. கண்ணாடிக்கு அங்கிட்டு உக்காந்து ஸ்டாம்பு அடிச்சாப் போதும், பேச வேண்டாம்.’ கேலி இல்லை. பயம். அம்மாவுக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன், செதிலோடு கை அப்படியே நின்றது. எனக்கு என்ன வந்ததோ, ‘நாப்பது ஓடுனா?’ என்றேன். ‘என்னது நாப்பது?’ ‘என் படகு. போட்டியில நாப்பது ஓடுனா நான் மெட்ராஸ் போவேன். ஓடலன்னா பேங்க்.’ அவ்வளவு நீளமாக நான் வீட்டில் பேசியதில்லை. அம்மா கையிலிருந்த செதிலை உதறிவிட்டு, ‘சரி, ஓடட்டும்’ என்றாள். பேரம் படிந்துவிட்டது. அம்மா கேட்டது நாற்பதே இல்லை, அதை நான்தான் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான், அம்மா படிந்த விலையை மாற்றுகிறவள் இல்லை. நானும் அவள் மகள்தான், இதில் மட்டும்.

கார் வந்துவிட்டது. பாண்டு வாத்தியம், பொன்னாடை, கைதட்டல். கிளிண்டன் கையாட்டுகிறான், எனக்கா போட்டோகாரருக்கா தெரியவில்லை. எங்களை வரிசையாக நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம். இப்போது குத்துவிளக்கு. குளத்தங்கரையில் மலைக்காற்றில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, விருந்தினர் மெழுகுவர்த்தியைக் கொண்டுபோகிறார், அணைகிறது, கொளுத்துகிறார்கள், கொண்டுபோகிறார், அணைகிறது. நாலு பேராசிரியர்கள் சால்வையை விரித்துத் தடுப்புக் கட்டி நிற்கிறார்கள். ‘வெளக்கு எரியுததுக்குள்ள எனக்குக் காலு அழுகிரும்’ என்கிறாள் கோமதி. அணையட்டும், அணைந்துகொண்டே இருக்கட்டும், விளக்கு எரியாதவரை போட்டி இல்லை, போட்டி இல்லாதவரை நான் பேசாமலிருப்பது ஒரு குற்றம் இல்லை. ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். தண்ணீர் அலைந்து கோடு அப்படித் தெரிந்திருக்கலாம். இப்போது குனிந்து பார்த்தால் கருநீலம்தான் இருக்கிறது, சுத்தமாக, கடையில் வாங்கியது மாதிரி. சாட்சி கரைந்துவிட்டது. கையைத் தூக்கி மைக் வந்து, காட்டும்மா எங்கே கோடு என்றால்? ஆனால் கைக்குத் தெரிகிறது. முன்னால் இருக்கிற இடது கை கனக்கிறது, பின்னால் இருக்கிற வலது கை சும்மா இருக்கிறது. கணக்கில் தெரிந்ததை ஆயிரம் தடவை நம்பியிருக்கிறேன், கைக்குத் தெரிந்ததை நம்புவதற்கு என்ன தயக்கம்? கணக்கைத் தாளில் கொடுத்துவிடலாம், பேச வேண்டியதில்லை. கை சொன்னதை வாய்தான் சொல்ல வேண்டும். இதுதான் தயக்கம், வேறு ஒன்றும் இல்லை, இவ்வளவு சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன். ஊதுபத்தி வாசனை வருகிறது. விளக்கு பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

முதல் படகு நேராகப் போய் நடுவில் கவிழ்ந்தது. இரண்டாவது முப்பத்து மூன்று. இரண்டு மிதவைகளுக்கு நடுவே எடுத்துக்கொள்கிற நேரத்தை வைத்து வேகத்தைப் பலகையில் போடுகிறார்கள், ஒரு படகுக்கு ஒரே ஓட்டம். மூன்றாவது கோமதியுடையது. விசில் ஊதியதும் கையை எடுத்தாள், படகு ஒரு நொடி தயங்கி, மூக்கைத் தூக்கி, எவ்வளவு லேசாகத் தூக்கியது, இந்தத் தண்ணீரிலேயே பிறந்தது மாதிரி, ‘போலே போலே போலே!’ என்று அவள் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினாள், முப்பத்தாறு. அதன் அலை வந்து என் படகை ஆட்டியது, மூக்கு அலையில் ஏறவில்லை, அலை மூக்கில் ஏறியது. அடுத்து எங்கள் பெயர். கிளிண்டன் ரிமோட்டை நெஞ்சுக்கு உயர்த்திவிட்டான். அவன் விரல் முழுசாக அழுத்தப்போகிறது. எந்தக் கையைத் தூக்குவது? இடது கையை எடுத்தால் மூக்கு இன்னும் தாழும். வலது கை. வலது கை சும்மாதானே இருக்கிறது. சும்மா இருக்கிற கை மேலே போகிறது, அதிலிருந்து தண்ணீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடுகிறது, சில்லென்று. நான் தூக்கவில்லை, அதுவாகப் போகிறது என்றுதான் தோன்றியது. கரை முழுக்க அந்தக் கையைப் பார்க்கிறது.

கொழுந்து சார் செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். ‘தூத்துக்குடி அணியில் ஏதோ பிரச்சினை, என்னம்மா பிரச்சினை?’ மைக்கின் தலையில் சிவப்புப் பஞ்சு, அதில் கிராம்பு வாசனை. அது என் வாய்க்கு முன்னால் வந்தது. முதலில் கேட்டது என் மூச்சு, குளம் முழுக்க, ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுகிற மாதிரி. யாரோ சிரித்தார்கள். பஞ்சில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதைப் பார்த்தேன், பேனா மூடியின் பல் தடம் ஞாபகம் வந்தது, நூலைப் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போய்விடும் என்று தெரிந்தது. ‘நாங்க உப்பளத்துல ஓட்டிப் பழகுனோம் சார்’ என்றேன். ‘அந்தத் தண்ணி தூக்கும். இந்தத் தண்ணியில படகு அமுங்குது. பேட்டரிய நகட்டணும்.’ ஹாஸ்டல் மாடியிலிருந்து ஒரு குரல், ‘ரெண்டு மூட்ட உப்பக் கொட்டி விடுங்க சார்!’ கரையே சிரித்தது, விருந்தினர்கூடச் சிரித்தார். காது சுட்டது. ஆனால் சிரிப்பு ஒன்றும் செய்யவில்லை, அலை மாதிரி வந்து முழங்காலில் பட்டுப் போய்விட்டது, நான் அங்கேயே நின்றேன். அந்தக் கரையில் கிளிண்டன் கத்துகிறான், ‘செலி, தொறக்காத! செலி, தொடாத!’ மைக் இல்லாத அவன் குரல் ஈ பறக்கிற மாதிரி வந்து சேர்கிறது. இப்படி இருக்குமா, மைக் இல்லாதவர்களின் குரல்? ‘எக்கா, நான் புடிக்கேன், நீங்க தொறங்க’ என்று கோமதி படகை வாங்கிக்கொண்டாள், போட்டிக் கல்லூரிப் பெண். டேப்பை உரித்தேன், பேட்டரியை அதன் ஒட்டுப்பட்டையிலிருந்து பிய்த்து இரண்டு விரல் வைத்து அளந்து பின்னால் பதித்தேன், மூடினேன், டேப்பை நகத்தால் நீவினேன். ப்ரொப்பல்லரையும் ஒரு அரிசி அளவு உயர்த்தினால் நல்லது, அதற்குக் கருவி பைக்குள் இருக்கிறது, அதற்கு நேரம் இல்லை. கொழுந்து சார் மைக்கைத் திருப்பப்போனார். ‘சார், ஒரு நிமிஷம்’ என்று நானே அதைப் பிடித்து இழுத்தேன். ‘கிளிண்டன், மூக்க சரி பண்ணிட்டேன். எடுத்த எடுப்புல முழுசா அமுக்காத. மெதுவா. தூக்குனப்பெறவு அமுக்கு.’ அந்தக் கரையில் அவன் கூலிங்கிளாசைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவது தெரிந்தது. வாய்மொழித் தேர்வில் என் தாளை எட்டிப் பார்த்தபோது அவன் முகம் இப்படித்தான் இருந்தது.

விசில். கையை எடுக்கிறேன். படகு கொளகொளவென்று நுரைத்துக்கொண்டு போகிறது, மெதுவாக, இவ்வளவு மெதுவாகவா, நான் சொன்னதை அப்படியே கேட்கிறான், ஐயோ கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறான், முதல் மிதவை வந்துவிடப்போகிறது, தூக்கு, தூக்கு, வயிறு என்னுடையது, எனக்குத் தெரியும் நீ தூக்குவாய். மூக்கு ஒரு தடவை எழுந்து விழுந்தது. மறுபடி எழுந்தது. விழவில்லை. சத்தம் மாறியது, கொளகொளப்பு அறுந்து, ஒல்லியாக, விசிலடிக்கிற மாதிரி ஒரே இழையாக, தண்ணீரில் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துகொண்டே போகிறது, நேராக, அளவுகோல் வைத்த மாதிரி. என் கைகள் இன்னும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கின்றன, நடுவில் ஒன்றும் இல்லை. பலகையில் எண் ஏறுகிறது. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. இதுவரை அதுதான் அதிகம், கைதட்டுகிறார்கள், கோமதி என் முதுகில் அடிக்கிறாள். முப்பத்தொன்பது. நாற்பது இல்லை. தராசில் வைத்தது வைத்ததுதான். சாளை, செதில், நின்றுபோன கை, சரி ஓடட்டும். அழுகை வரும் என்று காத்திருக்கிறேன். கிளிண்டன் கரையைச் சுற்றி ஓடி வருகிறான், செருப்பு ஒரு காலில்தான் இருக்கிறது, பாதி வழியிலிருந்தே கத்துகிறான், ‘செலி! ஏட்டி, அந்த மிச்சம் எங்கட்டி போச்சு? நாப்பதுக்கு மிச்சம் எங்க போச்சு?’ எனக்குத் தெரியும் எங்கே போயிற்று. ஒரு அரிசி அளவு, அதில்தான் இருக்கிறது, இந்தத் தண்ணீருக்கு ப்ரொப்பல்லர் ஒரு அரிசி ஆழம் கூடுதல், உயர்த்தினால் நாற்பத்தொன்றுகூட வரும், இதை அவனுக்குச் சொல்ல வேண்டும், அப்புறம் வீட்டில், தராசுக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பா வழியாக இல்லாமல் நானே சொல்ல வேண்டும், ஓடாததற்குக் காரணம் இது, நான் போக வேண்டியதற்குக் காரணமும் இதுதான் என்று. கையைத் தூக்கிக்கொண்டு நான் கத்துகிறேன். ‘ப்ரொப்பல்லர்ல இருக்குலே! ஒரு அரிசி ஒசத்தணும்! அடுத்த தடவ ஏறும்!’ கொழுந்து சார் பக்கத்திலேயே நிற்கிறார், மைக்கை அணைக்க மறந்துவிட்டார். ஏறும் என்று மேடையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டி கத்துகிறது, ஏறும் என்று அந்தக் கரை கத்துகிறது, மரத்திலிருந்து நாலைந்து காக்கைகள் எழுந்து போகின்றன. அம்மா குரல் அது, அவள் இங்கே எப்போது வந்தாள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.